பிபிடி போடத் தெரிந்த பட்டறைகள்

அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடைகளில் காலை எட்டரை மணிக்கு இரண்டு வகை ஆட்கள் தோளுரசி நிற்கிறார்கள். ஒருவர் கழுத்தில் ஐ.டி. கார்டு, முதுகில் லேப்டாப் பை. இன்னொருவருக்கு நீலச் சட்டை, சேஃப்டி ஷூ, நகக்கண்ணில் ஆயில் கறை. முதல் ஆள் அன்றைக்கு ஒரு பிபிடி போடப்போகிறார் என்றால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது ஆளும் போடுகிறார் என்பதுதான் எஸ்டேட்டுக்கு வெளியே அதிகம் தெரியாத சேதி. என்னைக் கேட்டால், இருவரில் நன்றாகப் போடுகிறவர் நீலச் சட்டைக்காரர்தான்.

நன்றாக என்றால் அழகாக என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஸ்லைடுகளைப் பார்த்தால் டிசைன் படித்தவர்கள் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். மஞ்சள் கட்டத்துக்குள் சிவப்பு எழுத்து, ஒரு மூலையில் கம்பெனி லோகோ, மறுமூலையில் குழுவின் பெயர். ஆனால் மேடையேறியவர் சில நிமிடங்களில் இறங்கும்போது எது கெட்டது, ஏன் கெட்டது, என்ன செய்தார்கள், இப்போது எப்படி இருக்கிறது என்ற நான்கும் கேட்டவர்களுக்கு விளங்கியிருக்கும். பக்கத்துக் கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு மணி நேர மீட்டிங் முடிந்து வெளியே வருகிறவர்களிடம் இதே நான்கையும் கேட்டுப் பாருங்கள்.

பாடி சுற்றுவட்டாரத்தில் நான்கு டெமிங்

இந்தப் பழக்கத்தின் ஊற்றைத் தேடிப் போனால் பாடியில் போய் நிற்கலாம். 1960-களின் தொடக்கத்தில் அங்கே வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா என்று டி.வி.எஸ். குழுமத்தின் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. அதே பத்தாண்டில் மேற்கே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தது. பெரிய ஆலைக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள் அங்கே பெருகின. முகப்பேர், கொரட்டூர், திருமுல்லைவாயல் என்று தெருவுக்குத் தெரு ஷிஃப்ட் கணக்கில் நாளை அளக்கும் குடும்பங்கள் உருவானது அப்படித்தான்.

1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு டெமிங் விருதைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அந்த விருதை வாங்கியது அதுவே முதல் முறை. பிறகு 2001-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003-ல் அம்பத்தூரின் ரானே பிரேக் லைனிங்ஸ், 2004-ல் லூகாஸ்-டி.வி.எஸ். ஏழே ஆண்டுகளில், பாடியிலிருந்து டூவீலரில் போய்ச் சேரும் தூரத்துக்குள், நான்கு.

ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கம் 1951 முதல் வழங்கிவரும் விருது இது. தரம் என்பதை இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மென்ட் பார்த்துக்கொள்ளும் என்று விடாமல், முதலாளி முதல் மெஷின் ஆபரேட்டர் வரை எல்லோரும் தங்கள் வேலையாக எடுத்துச் செய்கிறார்களா என்பதைத் தேர்வாளர்கள் நேரில் வந்து சோதிப்பார்கள். அந்தச் சோதனையின் அமைப்புதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். முதலில் கம்பெனி தன் வேலையைத் தானே எடுத்துச் சொல்ல வேண்டும். சார்ட், அளவீடு, வரைபடம் என்று எல்லாம் அங்கே வரும். அடுத்த கட்டத்தில் கட்டுப்பாடு கைமாறிவிடும். எங்கே போவது, யாரிடம் எதைக் கேட்பது என்பதைத் தேர்வாளர்களே முடிவு செய்வார்கள். நிர்வாகிகளுடன் தனியாக ஓர் அமர்வும் உண்டு.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். காலையில் மீட்டிங் ஹாலில் காட்டிய வரைபடம், மதியம் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டரின் வாயிலிருந்தும் அதே கதையாக வர வேண்டும். ஸ்லைடில் பூசி மெழுகினால் ஷாப் ஃப்ளோரில் உரிந்துவிடும். பிரசன்டேஷன் திறமைக்கு இதைவிடக் கறாரான பயிற்சிக்கூடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. பேச்சாளரின் குரல் ஏற்ற இறக்கம், கை அசைவு, கண் பார்க்கும் திசை என்று வகுப்பெடுக்கிறவர்கள் இந்த இடத்தைத் தொடுவதேயில்லை.

கதை சொன்ன கொமட்சு

ஆலைத் தொழிலாளிகள் ஏழெட்டுப் பேர் குழுவாகச் சேர்ந்து தங்கள் இடத்துப் பிரச்சினையைத் தாங்களே தீர்க்கும் குவாலிட்டி சர்க்கிள் ஜப்பானில் 1962-ல் தொடங்கியது. கவோரு இஷிகாவா அதன் மூலவர். மீன் முள் வடிவத்தில் காரணங்களை வரைகிற ஃபிஷ்போன் படமும் அவர் கொடுத்ததுதான். இந்தியாவுக்கு அது 1980 வாக்கில் ஹைதராபாத் பெல் ஆலை வழியாக வந்தது. 1982-ல் குவாலிட்டி சர்க்கிள் ஃபோரம் ஆஃப் இந்தியா உருவாகி, ஊருக்கு ஊர் கன்வென்ஷன் நடத்த ஆரம்பித்தது. குழுக்கள் மேடையேறித் தங்கள் கேஸ் ஸ்டடியைச் சொல்ல வேண்டும், நடுவர்கள் கேள்வி கேட்பார்கள், மதிப்பெண் உண்டு. பள்ளிப் படிப்போ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டு வேலைக்கு வந்தவர் முதன்முதலாக மைக் பிடிப்பது பெரும்பாலும் இந்த மேடைகளில்தான்.

அங்கே சொல்லப்படும் வடிவத்துக்கு க்யூ.சி. ஸ்டோரி என்று பெயர். தலைப்பு, அதை ஏன் எடுத்தோம், இப்போதைய நிலை, இலக்கு, காரண ஆய்வு, நடவடிக்கை, விளைவு, நிலைநிறுத்தல், மிச்சமிருப்பது. இன்று இது பிரச்சினை தீர்க்கும் முறையாகவே பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் பிறந்தபோது அது வெறும் அறிக்கை வடிவம். 1960-களில் ஜப்பானின் கொமட்சு நிறுவனத்தில், முடித்த வேலையை மற்றவர்களுக்குப் புரியும்படி எப்படி வரிசைப்படுத்திச் சொல்வது என்பதற்காக உண்டானது. நாளடைவில், சொல்லும்போது இந்த வரிசை இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, வேலையையே இந்த வரிசையில் செய்தால் என்ன என்று தலைகீழாக எடுத்துக்கொண்டார்கள்.

பிரசன்டேஷன் பற்றி நான் அறிந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. நாம் பொதுவாக வேலை முடிந்த பிறகு, கடைசி இரவில், ஸ்லைடுக்கு உட்காருகிறோம். கொமட்சு வழி வந்தவர்களுக்கு வேலையின் முதல் நாளிலேயே ஸ்லைடின் எலும்புக்கூடு சுவரில் தொங்கும். மூன்றாவது கட்டத்துக்கு வரைபடம் வேண்டுமென்றால் முதல் வாரத்திலேயே எண்ணத் தொடங்கியாக வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும். ஸ்லைடில் காலியாக இருக்கும் இடம், வேலையில் செய்யாமல் விட்ட இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு கற்பனை உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு சி.என்.சி. பட்டறையில் ஷாஃப்ட் கடைகிறார்கள், வெளிவிட்டம் அளவு மீறிப் போகிறது. நூறு பீஸுக்கு மூன்று பீஸ் ரிஜெக்ட். இதை இரண்டு விதமாகச் சொல்லலாம். முதல் விதத்தில் ஸ்லைடின் தலைப்பு "ரிஜெக்‌ஷன் அனாலிசிஸ்". கீழே ஏழு புள்ளிகள்: மனிதர், மெஷின், மெட்டீரியல், மெத்தட்... எல்லாமே காரணமாக இருக்கலாம் என்கிற தொனி. இரண்டாவது விதத்தில் தலைப்பே முழு வாக்கியம்: "ரிஜெக்ட் ஆனதில் பாதிக்கு மேல் முதல் ஷிஃப்ட்டின் முதல் ஒரு மணி நேரத்தில் வருகிறது." கீழே ஒரே ஒரு பார் சார்ட். மணிவாரியாக எட்டுத் தூண்கள், முதல் தூண் மட்டும் சிவப்பு, மற்றவை சாம்பல். அவ்வளவுதான். ஹாலில் இருக்கும் எல்லோர் மனதிலும் அடுத்த கேள்வி தானாக எழும்: மெஷின் சூடேறும் முன்பே ஓட்டுகிறார்களா? அடுத்த ஸ்லைடு அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பார்வையாளர் மனதில் எழும் கேள்விதான் ஸ்லைடுகளின் வரிசையைத் தீர்மானிக்கிறது. டெம்ப்ளேட்டுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஆலி பொறியியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதுதான்: தலைப்பில் ஒரு முழு வாக்கியம், உடம்பில் அதற்கான ஆதாரம், புள்ளிப் பட்டியலுக்கு விடுமுறை. நம் பட்டறைக்காரர்கள் அவரைப் படித்திருக்க வாய்ப்பில்லை. "டேட்டா எங்கே?" என்று குறுக்கே கேட்கும் மேனேஜரிடம் வளர்ந்தவர்கள் அவர்கள்.

எக்ஸிஸ்டிங் சிஸ்டம், புரபோஸ்டு சிஸ்டம்

அம்பத்தூரிலிருந்து மேற்கே ஆவடி, தெற்கே திரும்பினால் பூந்தமல்லி. அந்தச் சாலையிலும் பூந்தமல்லியைத் தாண்டிய பெங்களூரு நெடுஞ்சாலையிலும் பொறியியல் கல்லூரி பஸ்கள் காலையில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகும். 1990-களின் பிற்பகுதிக்குப் பின் இந்தப் பகுதிக்குக் கிடைத்த இன்னொரு தொழில் இது. கடைசி செமஸ்டரில் ஒவ்வொரு பேட்ச்சும் ஜீரோத் ரிவ்யூ, ஃபர்ஸ்ட் ரிவ்யூ, செகண்ட் ரிவ்யூ, கடைசியில் எக்ஸ்டர்னல் முன்னால் வைவா என்று பிபிடி போட்டுக்கொண்டே இருக்கும்.

பயிற்சிக்குக் குறைவில்லை, ஆனால் வடிவம் உறைந்துபோய்விட்டது. அப்ஸ்ட்ராக்ட் ஒரு ஸ்லைடு, லிட்டரேச்சர் சர்வே நாலு ஸ்லைடு, எக்ஸிஸ்டிங் சிஸ்டம், அதன் குறைகள், புரபோஸ்டு சிஸ்டம், அதன் நிறைகள், ஆர்க்கிடெக்சர் படம், மாட்யூல்கள், ரெஃபரன்ஸ், தேங்க் யூ. சீனியரின் ஃபைலை வாங்கி, பெயரையும் ரிஜிஸ்டர் நம்பரையும் மாற்றி, உள்ளே நிரப்புகிறார்கள். இதில் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. மார்க் ஷீட்டில் அந்தத் தலைப்புகளுக்குத்தான் கட்டம் இருக்கிறது. "உங்கள் முறை பழையதைவிட எவ்வளவு மேல், அதை எப்படி அளந்தீர்கள்" என்று ரிவ்யூவில் கேட்கும் பேராசிரியர் வாய்த்த பேட்ச் அதிர்ஷ்டசாலி. அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே அவர்களின் ஸ்லைடுகள் திருந்திவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இதே மாணவர்களில் பலர் படிப்பு முடிந்து ஒரு ஆட்டோ உதிரிபாகக் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்ததும் எட்டே மாதத்தில் வேறு மாதிரி பிபிடி போடுகிறார்கள். கம்பெனி அவர்களிடம் 8டி கேட்கிறது. கஸ்டமரின் அசெம்ப்ளி லைனில் நம் பீஸ் பொருந்தாமல் திரும்பி வந்தால், எட்டுப் படிகளில் பதில் எழுதிக்கொண்டு போய் நிற்க வேண்டும். 1980-களில் ஃபோர்டு நிறுவனம் வகுத்த முறை. மூன்றாவது படி, உடனடியாக என்ன செய்து கஸ்டமரைக் காப்பாற்றினாய். நான்காவது, மூல காரணம். அங்கே "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று எழுதினால் ரிப்போர்ட் திரும்பி வந்துவிடும். ஏன் கவனக்குறைவு நடக்க வழி இருந்தது என்று அடுத்த "ஏன்" போட வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் கைதட்ட வந்தவர் அல்ல. ஆர்டரை வேறு பட்டறைக்கு மாற்றக்கூடியவர்.

கல்பனா சாவ்லாவின் விண்கலமும் ஒரு ஸ்லைடும்

மோசமான ஸ்லைடால் என்ன ஆகிவிடும், கொஞ்சம் தூக்கம் வரும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்களுக்கு 2003-ஐ நினைவூட்ட வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் தரையிறங்கும் வழியில் உடைந்து, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். தமிழக அரசு அவர் பெயரில் ஆண்டுதோறும் சுதந்திர தினத்தில் வீரதீரச் செயலுக்கான விருது கொடுக்கிறதே, அந்தக் கல்பனா சாவ்லா.

ஜனவரி 16-ல் ஏவியபோதே எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத்துண்டு ஒன்று பிய்ந்து இறக்கையில் மோதியிருந்தது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களில் போயிங் பொறியாளர்கள் ஆபத்து எவ்வளவு என்று ஆராய்ந்து நாசாவுக்கு பவர்பாயின்ட்டில் விளக்கினார்கள். விபத்துக்குப் பின் அவற்றில் ஒரு ஸ்லைடை எட்வர்ட் டஃப்டி என்ற தகவல் வடிவமைப்பு நிபுணர் வரிவரியாகப் பிரித்துப் பார்த்தார். விசாரணைக் குழுவின் அறிக்கையிலும் அந்த அலசல் இடம்பெற்றது. ஸ்லைடின் தலைப்பு பயப்பட வேண்டாம் என்ற தோரணையில் இருந்தது. கீழே புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் சின்னப் புள்ளி என்று அடுக்குகள். "குறிப்பிடத்தக்க" என்ற பொருள் தரும் சொல் ஐந்து இடங்களில் வருகிறது, எவ்வளவு என்று ஓரிடத்திலும் இல்லை. கடைசி வரியில், சின்ன எழுத்தில், உண்மையான சேதி: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், மோதியதாகக் கணக்கிட்டது 1,920 கன அங்குலம். 640 மடங்கு. அதாவது அந்தச் சோதனைத் தரவை வைத்து எதையும் சொல்லவே முடியாது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தலைப்பு முழு வாக்கியமாக இருக்கட்டும் என்று மேலே எழுதினேன். அந்தப் போயிங் ஸ்லைடின் தலைப்பும் ஏறக்குறைய ஒரு கூற்றுதான். கூற்று தலையில், அதை உடைக்கும் எண் காலடியில். தலைப்பு வாக்கியம் மட்டும் போதாது, அதற்கு நேர் கீழே அதைத் தாங்கும் எண்ணோ படமோ கண்ணில் படும் அளவில் இருக்க வேண்டும் என்று பாடி ஆலைகள் அடம்பிடிப்பதன் காரணம் இதுதான். அந்தப் போயிங் ஸ்லைடை ஒரு க்யூ.சி. கன்வென்ஷன் நடுவரிடம் காட்டியிருந்தால், "கடைசி வரியை மேலே கொண்டுவா தம்பி" என்றிருப்பார்.

பழியை மென்பொருள் மீது போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ராபர்ட் காஸ்கின்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1987-ல் பவர்பாயின்ட்டை வெளியிட்டபோது அது மேக் கணினியில் ஓ.எச்.பி. ஷீட் அச்சடிக்கும் கறுப்பு வெள்ளைக் கருவி. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. ஸ்கெட்ச் பேனாவில் ஷீட் எழுதிய காலத்திலும் உளறிக்கொட்டியவர்கள் உண்டு. என்ன, கையால் எழுத வேண்டும் என்பதால் கொஞ்சமாக உளறினார்கள்.

தமிழில் ஸ்லைடு

ஷாப் ஃப்ளோர் குழுக்கள் பேசுவது தமிழில், ஸ்லைடு பல நேரம் ஆங்கிலத்தில். இந்தப் பிளவு ஒரு விதத்தில் நல்லதே செய்கிறது. பேசுகிறவர் திரையைப் படிக்க முடியாது, தன் வார்த்தையில் விளக்கித்தான் ஆக வேண்டும். கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் உளவியல் பேராசிரியரான ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள், படத்தோடு பேச்சைக் கேட்டவர்களைவிட, அதே பேச்சைத் திரையில் எழுத்தாகவும் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவாகவே கற்றார்கள் என்று காட்டின. கண் ஒரு வேகத்தில் படிக்கிறது, காது வேறு வேகத்தில் கேட்கிறது, இரண்டும் இடிக்கின்றன. மெனு கார்டைக் கையில் கொடுத்துவிட்டு சர்வரும் பக்கத்தில் நின்று இட்லி, பொங்கல், வடை என்று ஒப்பித்தால் எதையும் தேர்ந்தெடுக்க முடியாதில்லையா, அதே அவஸ்தை.

ஆனால் தமிழிலேயே ஸ்லைடு போட வேண்டும் என்பதுதான் என் கட்சி, முக்கியமாக ஆபரேட்டர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சியில். அதற்குச் சில தொழில் நுணுக்கங்கள் உண்டு. தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தைவிட அகலம் கேட்கும். ஆங்கில ஸ்லைடின் அளவுக்குள் தமிழைத் திணித்தால் எழுத்து சிறுத்துப்போகும், ஆகவே சொல்லைக் குறைக்க வேண்டும், எழுத்தைக் குறைக்கக் கூடாது. நம் எழுத்துகளின் அடையாளம் சுழிகளில் இருக்கிறது. ண, ன இரண்டும் கடைசி வரிசைக்கு ஒன்றாகத் தெரியும், போல்டு போட்டால் சுழியே அடைத்துக்கொள்ளும். அழுத்தம் வேண்டுமென்றால் போல்டுக்குப் பதில் நிறத்தையோ அளவையோ மாற்றுவது நல்லது. வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதல் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் மேல் வரியின் 'ரு', 'கு' கால்கள் கீழ் வரியின் தலையில் இடிக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஃபைலை பென் டிரைவில் எடுத்துப்போய் வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் குப்பையாகக் கொட்டும் அனுபவம் பலருக்கும் இருக்கும். யூனிகோடில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கட்டமரன் என்று இலவசமாகவே நல்ல எழுத்துருக்கள் கிடைக்கின்றன. கூடவே ஒரு பி.டி.எஃப். வைத்துக்கொண்டால் எந்த ஹாலிலும் மானம் போகாது.

ஹால் என்றதும் ஒன்று. டிசைன் புத்தகங்கள் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைக் கொண்டாடும். அவை இருட்டடித்த அரங்குகளுக்கு எழுதப்பட்டவை. நம் டிரெய்னிங் ரூம்களில் ஜன்னலில் திரை இருக்காது, டியூப் லைட்டை அணைத்தால் ஃபேனும் சேர்ந்து அணையும், புரொஜக்டர் பல்புக்கு வயதாகியிருக்கும். அங்கே வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரு அழுத்தமான நிறம், இவையே தப்பிக்கும். வெளிர் மஞ்சள் கோடு போட்ட வரைபடம் அந்த வெளிச்சத்தில் காணாமலே போய்விடும். 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு வரைபடம் காட்டினால் இரண்டுக்கும் செங்குத்து அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் விளையாடிச் சின்ன முன்னேற்றத்தைப் பெரிதாகக் காட்டும் தந்திரத்தை அனுபவப்பட்ட ஆடிட்டர்கள் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்கள், பிறகு எந்த எண்ணையும் நம்ப மாட்டார்கள்.

ஸ்லைடே தேவைப்படாத இடங்களும் உண்டு. அந்த விருதுக்குப் பெயர் தந்த டெமிங்கின் புகழ்பெற்ற விளக்கமே ஒரு பெட்டி மணிகள்தான். நான்காயிரம் மணிகள், ஐந்தில் ஒன்று சிவப்பு. ஐம்பது குழி உள்ள துடுப்பால் ஆளாளுக்கு அள்ளச் சொல்வார். சிவப்பு வந்தால் குறைபாடு. அதிகம் வந்தவரைத் திட்டுவார், குறைந்தவரைப் பாராட்டுவார், அடுத்த சுற்றில் இருவரும் இடம் மாறிவிடுவார்கள். குறை ஆளிடம் இல்லை, பெட்டியில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் திரையும் காட்டியதில்லை. கெட்டுப்போன ஷாஃப்ட் ஒன்றையும் சரியான ஷாஃப்ட் ஒன்றையும் சபையில் கைமாற்றிக்கொடுத்துவிட்டு, கீபோர்டில் 'பி' எழுத்தை அழுத்தித் திரையைக் கறுப்பாக்கிவிட்டால், பேச்சாளர் பக்கம் எல்லாக் கண்ணும் திரும்பும். பவர்பாயின்ட்டில் பலருக்குத் தெரியாத வசதி இந்த 'பி'.

கடைசி ஸ்லைடுக்கு வருவோம். கல்லூரியிலும் ஐ.டி. பார்க்கிலும் அது பூங்கொத்துப் படத்தோடு "தேங்க் யூ". கேள்வி நேரம் முழுக்க, அதாவது சபை மிகக் கவனமாக இருக்கும் நேரம் முழுக்க, திரையில் அந்தப் பூங்கொத்து உட்கார்ந்திருக்கும். க்யூ.சி. ஸ்டோரியில் கடைசிக் கட்டம் மிச்சமிருப்பது. ரிஜெக்‌ஷன் மூன்றிலிருந்து அரைக்கு வந்தது, அந்த அரை எதனால் என்று இன்னும் தெரியவில்லை, அடுத்து அதைத்தான் எடுக்கப்போகிறோம் என்று நம் கற்பனைப் பட்டறைக் குழு எழுதி நிறுத்தும். முதல் கேள்வி அந்த அரையைப் பற்றித்தான் வரும்.